'அப்புறம்' என்றொரு பொத்தான்

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சல்லடை. யாராவது ஒரு பாடத்தைச் செய்து முடித்து, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தால் போதும், நான் பின்னால் போய் நின்றுகொண்டு, மூன்றாவது படத்தில் மாட்டுக்கு ஒரு கொம்பு குட்டையாக இருக்கிறது என்பேன். இதற்காக என்னைத் திட்டாத ஆள் எங்கள் மாடியில் கிடையாது. திட்டுவார்கள், திட்டிக்கொண்டே கொம்பையும் சரிசெய்வார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

நாங்கள் செய்வது பிள்ளைகளுக்கான பாடங்கள். படிக்கிற பாடம் அல்ல, தொடுகிற பாடம். படத்தைத் தொட்டால் பேசும், இழுத்தால் நகரும், தப்பான இடத்தில் வைத்தால் கோபித்துக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். இதை இணையப் பக்கமாகத்தான் வெளியிடுவோம். லிங்கைத் தட்டினால் பக்கம் திறக்கும். 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தினால் மற்ற ஆப்களைப் போல ஒரு சின்னப் படமாகப் போனின் முகப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். படம், குரல் எல்லாவற்றையும் முதல் தடவையே இறக்கி உள்ளே ஓர் அலமாரியில் அடுக்கி வைத்துக்கொள்வதால், அதற்குப் பிறகு நெட் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நாங்கள் புதிய பதிப்பு வெளியிட்டால், என்றைக்கு நெட் கிடைக்கிறதோ அன்றைக்கு அதையும் இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, 'புதுசு வந்திருக்கு, மாத்தலாமா?' என்று, மாற்றும்வரை திறக்கிற ஒவ்வொரு தடவையும் கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று 'மாற்று', இன்னொன்று 'அப்புறம்'.

கேட்காமல் மாற்றக் கூடாது என்பது எங்கள் மாடியின் சட்டம். முன்பு ஒரு முறை, தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளின் விடைகள் பாதியில் காணாமல் போய், ஒரு பள்ளிக்கூடமே திரண்டு வந்து எங்கள் மேலாளரை உண்டு இல்லை என்று ஆக்கியது. அதற்குப் பிறகு வந்த சட்டம். அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியவன் நான்தான்.

என் மனைவி நர்ஸ். மலைமேல் ஓர் ஆஸ்பத்திரி, அதற்குப் பின்னால் குவார்ட்டர்ஸ், அதில் இரண்டு அறையும் ஒரு ஜன்னலும் கொண்ட வீடு. பஸ் வந்து திரும்புகிற இடம் அந்த ஜன்னலிலிருந்து தெரியும். அங்கே அவளும் எங்கள் மகளும் இருக்கிறார்கள். மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காதவள் போல இருப்பாள். வாண்டு என்றால் உடனே திரும்புவாள். நான் பஸ்ஸும் ரயிலுமாக ஒன்றரை நாள் தூரத்தில், கூட வேலை பார்க்கும் மின்னலோடு ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டு கிடக்கிறேன். மின்னல் என்பது அவனுடைய வேகத்தை மெச்சி வைத்த பெயர். சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்க அவனுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

எனக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் நீண்ட விடுப்பு. குவார்ட்டர்ஸில் நெட் கிடையாது. போனில் பேசினால் "ஹலோ, கேக்குதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு வெளியே உள்ள நடையில் மட்டும் நெட்டும் கிடைக்கும், போனும் தெளிவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி வாண்டையும் அவளுடைய டேப்லெட்டையும் கூட்டிக்கொண்டு அங்கே ஒரு பெஞ்சில் வந்து உட்காருவாள். வாரத்தில் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நான் அப்பா.

அது போதாமல்தான் போன விடுப்பில் அந்த வேலையைத் தொடங்கினேன். எங்கள் வீட்டையே படமாக வரைந்தேன். அலமாரி, கட்டில், வாசலில் கிடக்கும் செருப்பு, தண்ணீர்க் குடம், ஜன்னல் என்று எதைத் தொட்டாலும் என் குரல் பேசும். படுக்கையறையில் போனை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பதிவு செய்தேன். வாண்டு என் மடியை விட்டு இறங்கவில்லை. சும்மா இருக்கிற ஜென்மமா அது? "செருப்பு இப்படியா பேசும்? மூக்கால பேசும்பா" என்றாள். மூக்கால் பேசினேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். சமையலறையிலிருந்து மனைவி, "சாப்பாடு ஆறிப்போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்று கத்தினாள். தகரக் கூரையில் மழை வேறு. திரும்பப் பதிவு செய்ய நேரமில்லை. கிளம்புகிற அன்று காலையில் அந்த நடை பெஞ்சிலேயே உட்கார்ந்து வெளியிட்டு, மனைவியின் போனிலும் வாண்டின் டேப்பிலும் இன்ஸ்டால் செய்துவிட்டுப் பஸ் ஏறினேன். 'நம்ம வீடு' என்று பெயர் வைத்திருந்தேன்.

இங்கே வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மழை, சிரிப்பு, சாப்பாட்டுக் கூப்பாடு. ஊரார் பிள்ளைகளுக்கு மாட்டுக் கொம்பை அளந்து பார்க்கிறவன் சொந்தப் பிள்ளைக்கு இப்படியா கொடுப்பது? ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகப் பதிவு அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் புதிதாகப் பேசினேன். ஊசி விழுந்தால் கேட்கும் சுத்தம். அதுதான் பதிப்பு இரண்டு. பழைய பதிவுகள் இருந்த அதே பெயர்களில் புதியவற்றைப் போட்டு மூடி, போனில் இருந்தவற்றையும் அழித்துவிட்டதால், பழையதில் ஒரு துணுக்குகூட என்னிடம் மிஞ்சவில்லை. குப்பை போனது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீடு வளர்ந்துகொண்டே போனது. வாண்டு போனில் அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் உள்ளே கொண்டுவந்தேன். பல் விழுந்தது என்றாள், அலமாரிக்குள் ஒரு டப்பாவில் பல்லை வைத்தேன். பூனை குட்டி போட்டது என்றாள், படிக்கட்டுக்குக் கீழே நாலு குட்டிகளை விட்டேன். இல்லாத மொட்டைமாடியைக்கூடக் கட்டிக் கொடுத்தேன். பத்து மாதத்தில் பதினான்கு பதிப்புகள். அவளிடம் நேரில் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் பொருள்களின் வாயில் வைத்துச் சொன்னேன்.

'நம்ம வீடு' எங்கெல்லாம் திறக்கப்படுகிறதோ, அந்தக் கருவி நெட் கிடைக்கும்போது என் சர்வருக்கு ஒரு வரி எழுதிப் போடும். எத்தனை தடவை திறந்தார்கள், எந்தப் பதிப்பு, அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் எல்லாரும் டீ குடிக்கப் போனதும் அந்தப் பட்டியலைத் திறப்பேன். இரண்டே வரிகள். மனைவியின் போன், பதிப்பு பதினான்கு. டேப், பதிப்பு ஒன்று.

எந்தத் திங்கட்கிழமையும் அதேதான். திறக்காமலும் இல்லை. ஒரு வாரம் முப்பத்தெட்டு தடவை, மறு வாரம் நாற்பத்து மூன்று. ஆனால் பதிப்பு மட்டும் ஒன்றிலேயே நின்றது. பல் டப்பாவை அவள் பார்க்கவில்லை. பூனைக்குட்டிகளையும் பார்க்கவில்லை. பத்து மாதமாக நான் பேசியதெல்லாம் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், டேப்புக்குள்ளேயே, திறக்காத கடிதங்களாகக் கிடந்தது.

"மொட்டைமாடி பாத்தியா கண்ணு?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"ம்."

"நல்லாருக்கா?"

"ம்."

"அங்க என்ன இருந்துச்சு, சொல்லு பாப்போம்."

 "சரியா கேக்கலப்பா" என்றாள். எனக்கு அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

மின்னலிடம் புலம்பினேன். "பொண்ணு மழுப்புதுன்னா ஏதோ காரணம் இருக்கும்டா. கேட்டுப் பாரு" என்றான். பொண்ணு மழுப்பவில்லை, டேப்பில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் என் நிரலை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தேன். ஒரு கோளாறும் அகப்படவில்லை. மிச்சமிருந்தது ஒரே காரணம்தான். வாண்டு ஒவ்வொரு தடவையும் 'அப்புறம்' என்பதை அழுத்துகிறாள்.

அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்பனிடம் என்ன அப்புறம்? வாசலில் நிற்பவனை அப்புறம் வா என்று அனுப்புவது போல இருந்தது. அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பிள்ளைகள் மறக்க ஆரம்பித்தால் சொல்லிக்கொண்டா மறக்கும்?

அந்த வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன். பதிப்பு பதினைந்து யாரையும் கேட்காது. நெட் கிடைத்த கணமே பழைய அலமாரியைக் காலி செய்துவிட்டுப் புதியதை அடுக்கும். நானே சுவரில் ஒட்டிய சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இதைச் செய்தேன். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி கூப்பிட்டாள்.

"வாண்டு சமாசாரம் ஒண்ணு சொல்லணும். நேத்து துணி மடிச்சிட்டிருந்தேன், பக்கத்துல டேப்பை வச்சிட்டு உக்காந்திருந்தா. அந்தக் கேள்வி வந்துச்சு, பட்டுனு அப்புறம்னு தட்டிட்டா. ஏன்டி அப்பா கஷ்டப்பட்டுச் செஞ்சு அனுப்புறாரே, மாத்தினா என்னன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"முன்னாடி என் போன்ல மாத்தினோமே, அதைக் கேட்டாளாம். அதுல அவ இல்லையாம். 'அப்பா மட்டும் தனியா பேசறாரு, என்னை எடுத்துட்டாரு'ன்னு சொல்றா. டேப்புல இருக்கிறதுலதான் அவ உங்க மடியில உக்காந்திருக்காளாம். ராத்திரி தலைகாணி பக்கத்துல அதை வச்சாத்தான் தூக்கம் வருது. எனக்கே நேத்துதான் தெரியும்."

 பத்து மாதமாக அவள் என்னைத் தள்ளி வைக்கவில்லை. நான்தான் அவளை என் மடியிலிருந்து இறக்கிவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தேன். அதற்குள் இன்னொன்று உறைத்தது.

"இப்ப டேப் எங்க?"

"இதோ, பக்கத்துலதான் உக்காந்து விளையாடறா."

"நெட் போட்டாச்சா?"

"வந்ததும் முதல் வேலை அதானே."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். பழைய அலமாரி அந்நேரம் காலியாகியிருக்கும். ஒரே ஒரு நூல் மிச்சமிருந்தது. 'நம்ம வீட்டை'த் திறந்ததும் குரல்களையெல்லாம் ஒரு தடவை நினைவில் ஏற்றிக்கொள்ளும்படி செய்திருந்தேன். அந்தப் பக்கத்தை மூடாதவரை, மூடுகிற அந்த நொடிவரை மட்டும், பழைய குரல்கள் உயிரோடு இருக்கும்.

"மூடாத! அதை யாரும் மூடிடாதீங்க! திரையும் அணையக் கூடாது!"

"ஏன் இப்படிக் கத்தறீங்க? நடையில இருக்கிற ஆளுங்கள்லாம் திரும்பிப் பாக்கறாங்க."

"சார்ஜ் எவ்ளோ இருக்கு?"

"ஒம்பது."

"போனை வாண்டுகிட்ட குடு."

அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. "வாண்டு, அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன். உன்னைக் கேக்காம மாத்திட்டேன். நீ இருக்கிறது அழியப் போகுது" என்றேன்.

 "அழிஞ்சிருச்சா?" என்றாள், மிகச் சின்னக் குரலில்.

"இன்னும் இல்ல. நீ ஒவ்வொண்ணா தொடு. போனை டேப்பு பக்கத்துல வை. அப்பா இங்க எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கிறேன்."

என் போனை லேப்டாப் பக்கத்தில் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. நான் கையைக் காட்டுவதற்குள் மின்னல் கட்டிலிலிருந்து குதித்து அதை அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, வெளிக்கதவுக்குப் போய்க் காவல் நின்றான். அவன் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் செருப்பு. நான் மூக்கால் பேசினேன். வாண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு பத்து மாதப் பழையது, அதற்கு மேலே இன்றைய வாண்டு, "இங்கதான்பா நீ தும்முவ, கேளு" என்றாள். தும்மினேன். அடுத்து குடம், அதற்குள் மழை. கட்டில் பேசும்போது சாப்பாடு ஆறிப்போனதைப் பற்றி மனைவியின் கூப்பாடு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி, "ஐயையோ, நான் இப்படியா கத்தறேன்?" என்றாள். நடுவில் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி யாரோ ஒரு டாக்டரை மூன்றாம் வார்டுக்குக் கூப்பிட்டது. யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதெல்லாமும் பதிவானது. என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமான ஒரு பதிவை நான் செய்ததில்லை. அதில் ஒரு தும்மல் விட்டுப்போனாலும் செத்துவிடுவேன் போல இருந்தது.

"அஞ்சு பர்சென்ட்" என்றாள் மனைவி.

"ஜன்னல் மட்டும்தான் பாக்கி" என்றாள் வாண்டு, தொட்டாள்.

'இது ஜன்னல். ஜன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் வரும்' என்றது என் குரல். ஊசி விழுந்தால் கேட்கும் சுத்தம்.

எல்லாவற்றிலும் நீளமான பதிவு ஜன்னல்தான். அதனால் அதை மட்டும் முன்கூட்டி ஏற்றாமல், தொடும்போது அலமாரியிலிருந்து எடுக்கும்படி வைத்திருந்தேன். இருபத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் திறந்தாலும் திணறக் கூடாது என்று எந்தப் பாடத்திலும் நான் கடைப்பிடிக்கிற முறை. ஒரே ஒரு பிள்ளைக்காகச் செய்த வீட்டிலும் அதையே செய்திருந்தேன்.

"இது அது இல்லப்பா" என்றாள்.

"தெரியும் கண்ணு."  அந்த ஜன்னலில் என்ன பேசினோம் என்பதே எனக்குச் சரியாக நினைவில்லை. கிளம்புவதற்கு முந்தைய நாள் கடைசியாகப் பதிவு செய்தது அது, அவ்வளவுதான் தெரியும். "ஜன்னல் போயிடுச்சு வாண்டு. மன்னிச்சுக்கோ."

"பரவால்ல. எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீ பிடிச்சுக்கோ."

தொண்டையைச் செருமிக்கொண்டாள். என்னுடைய வரிகளுக்குக் குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.

"ஜன்னல் வழியா பாரு, யாரு வர்றா? யாரும் வரல. நல்லாப் பாரு. பஸ் வருது. பஸ்ல யாரு? தெரியலையே. இன்னும் நல்லாப் பாரு. ஐ, அப்பா! அப்புறம் நீ சிரிப்ப. அப்புறம் நான் உன் மீசையைப் பிடிச்சு இழுப்பேன், நீ 'ஆ'ன்னு சொல்லுவ. ஆ. அவ்ளோதான்." பிறகு தன் சொந்தக் குரலுக்குத் திரும்பினாள். "மறுநாள் நீ அந்த பஸ்லயே போயிட்ட. ஆனா அது இதுல இல்ல."

"டேப் அணைஞ்சிருச்சு" என்றாள் மனைவி.

நான் பதிவை நிறுத்தினேன். வெளிக்கதவில் நின்ற மின்னல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே இருந்தான். அவனுக்கு அவ்வளவு இங்கிதம் உண்டு என்றும் அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பதிப்பு பதினாறைச் செய்தேன். வெட்டவில்லை, ஒட்டவில்லை, இரைச்சலைக் குறைக்கவில்லை. ஒலிபெருக்கி, தள்ளுவண்டி, 'அஞ்சு பர்சென்ட்' எல்லாம் அப்படியே உள்ளே போயின. மாட்டுக் கொம்பு விஷயத்தில் நான் குறை சொன்ன பெண் பின்னால் வந்து நின்று கேட்டுவிட்டு, "சல்லடைக்கு ஓட்டை பெருசாயிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். எடுத்துப்போட்ட கேள்வியையும் இரண்டு பொத்தான்களையும் திரும்ப அவற்றின் இடத்தில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வி வந்ததும் வாண்டு என்னைக் கேட்டாள், "இதுல நான் இருக்கேனா?"

"எல்லாத்துலயும் இருக்க. ஜன்னல்ல நீ மட்டும்தான் இருக்க."

'மாற்று' என்பதை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில், "பூனைக்குட்டி நாலு இல்லப்பா, மூணுதான்" என்று சத்தம் வந்தது. அன்றைக்குத்தான் அவள் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமைப் பட்டியலில் டேப், பதிப்பு பதினாறு என்று இருந்தது. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரியும் இருந்தது. அது என் போன். பத்து மாதமாகச் செய்து செய்து அனுப்பியவன், எனக்கென்று அதை ஒருநாளும் இன்ஸ்டால் செய்துகொண்டதில்லை. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திறக்கிறேன். வேறெதையும் தொடுவதில்லை, ஜன்னலை மட்டும் தொடுகிறேன். யாரு வர்றா, யாரும் வரல, நல்லாப் பாரு. விடுப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

நேற்று பதிப்பு பதினேழை வெளியிட்டேன். ஒரு பூனைக்குட்டியைக் குறைத்ததைத் தவிர அதில் வேறு மாற்றம் எதுவுமில்லை, ஜன்னலைத் தொடவே இல்லை. எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா? இன்று காலை பஸ் நிறுத்தத்தில் என் போன் என்னைக் கேட்டது, புதுசு வந்திருக்கு, மாத்தலாமா? வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு 'அப்புறம்' என்பதை அழுத்தினேன்.